பிழையென்றால் விரலைத் தூக்கு

எனக்கு வாய் முந்தும். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்; சொல்லாவிட்டாலும் கொஞ்சம் வாசித்ததும் உங்களுக்கே விளங்கிவிடும். அப்பா வடக்கிலிருந்து மாற்றலாகி வந்து மாத்தளைக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளார்க்காக இருந்தவர். நான் பிறந்ததும் வளர்ந்ததும் மாத்தளை டவுனில். அம்மா யாழ்ப்பாணத் தமிழில் "கொஞ்சம் பொறு பிள்ளை" என்று தொடங்கும்போதே நான் மாத்தளைத் தமிழில் பதிலைச் சொல்லி முடித்திருப்பேன். வீட்டில் அது பெரிய குற்றமில்லை. நர்ஸிங் படிக்கப் போன இடத்தில் அதுதான் என்னைக் கவிழ்த்தது.

கடைசி வருட வாய்மொழிப் பரீட்சை. "நோயாளிக்கு மூச்சு வேகமாக வாங்குகிறது. நெஞ்சு உள்ளே இழுக்கிறது. உதடு நீலம் பாரித்திருக்கிறது" என்று பரீட்சகர் ஆறுதலாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் குறுக்கே பாய்ந்தேன். தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைப்பேன், சுடச்சுட ஏதாவது குடிக்கக் கொடுப்பேன், பீடி குடிக்கிற பழக்கம் உண்டா என்று விசாரிப்பேன் என்று ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நோயாளி பிறந்து ஒரு கிழமை" என்றார்.

இன்னொரு தரம் தருவார்கள். அதிலும் தவறினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அப்போதுதான் என் சிநேகிதி ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தாள். அவள் கலேவெலக்காரி. வயல் செய்கிற முஸ்லிம் குடும்பம். பொம்பிளைப் பிள்ளையை ஆஸ்பத்திரி வேலைக்கு விடுவதா என்று சொந்தக்காரர்கள் முகத்தைச் சுழித்தபோது, "என்ட மகள் ஊசி போடப் போறா, களவெடுக்கப் போகல்ல" என்று சொல்லிவிட்டு, அவளுடைய வாப்பாவே டிரங்குப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து விட்டுப்போனார். அவள் என்னைப் போல இல்லை. அவளிடம் ஒரு கேள்வி கேட்டால் அது உள்ளே போய், குளித்து, உடுப்பு மாற்றிக்கொண்டுதான் பதிலாக வெளியே வரும். பரீட்சையில் முதல் தரமே பாஸ்.

பயிற்சிப் பள்ளிக்கூடம் வேறு ஊரில் இருந்தது. வார்டு வேலை பழகுவதற்கு எங்களை மாத்தளைக்கு அனுப்பியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நர்ஸ்மாருடைய குவாட்டர்ஸ். அதில் மாணவிகளுக்கென்று தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை, வரிசையாக இரும்புக் கட்டில்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓய்வு நேரம். சத்தம் போடக் கூடாது. பக்கத்து வளவில் கராம்பு காயப்போட்டிருப்பார்கள். அந்த வாசனை ஜன்னலால் வந்து போர்வையிலேயே குடியிருக்கும். மலைப்பக்கம் மேகம் இறங்கி, மழை வருமா வராதா என்று தெரியாத ஒரு வெளிச்சம் அறைக்குள் நிற்கும். அந்த வெளிச்சத்தில், பாதித் தூக்கத்தில், எங்கள் விளையாட்டு நடந்தது.

அவள் கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். அவள் நோயாளி. நான் பக்கத்தில் நிற்கிற மிஸ்ஸி. எங்கள் பக்கம் நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என்ன வருத்தம், அதாவது என்ன நோய், என்று அவள் மனசுக்குள் நினைத்து வைத்திருப்பாள், ஆனால் சொல்ல மாட்டாள். நான் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். கேட்டதற்கு மட்டும்தான் பதில். நான் பிழையாக ஏதாவது சொன்னால், மேட்ரனுக்குக் கேட்டுவிடும் என்று வாயைத் திறக்காமல், விரிப்பின் மேல் கிடக்கிற ஆட்காட்டி விரலை மட்டும் மெல்லத் தூக்குவாள். சரியாகச் சொல்லிவிட்டேன் என்றால் கண்ணைத் திறந்து எழும்பி உட்கார்வாள்.

முதல் கிழமை முழுக்க அந்த விரல் இறங்கவேயில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "உன் விரலை ஒரு நாளைக்கு ஒடிச்சுப் போடுவேன் பாரு" என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். அவள் கண்ணை மூடியபடியே சிரிப்பாள்.

பிறகு பிறகு அந்த மத்தியானங்கள் எனக்குப் பிடித்துப் போயின. அவள் படுத்தவுடனே ஆள் மாறிவிடுவாள். ஒரு நாள் சீனி வருத்தக்காரக் கிழவி. சட்டைக்குள் கருப்பட்டி ஒளித்து வைத்திருப்பாள், அவளுக்கு ஒரு மூளி ஆடு, பிள்ளைகளைவிட அந்த ஆட்டின் மேல்தான் கவலை. இன்னொரு நாள் தம்புள்ளை பஸ் கண்டக்டர். நெஞ்சு நோவோடும் "முன்னுக்குப் போ, முன்னுக்குப் போ" என்று முனகுவான். ஒரு மீன்பிடிக்காரனும் வந்தான். நாங்கள் இரண்டு பேரும் அதுவரைக்கும் கடலைக் கண்ணால் காணவில்லை, அதனால் அவன் அலுவிகாரைக் குளத்தில் மீன்பிடிப்பதாக வைத்துக்கொண்டோம். அலுவிகாரையில் அப்படி ஒரு குளம் இருக்கிறதா என்று நாங்கள் யோசிக்கவும் இல்லை. கேட்கக் கேட்க அவர்களுக்கு வீடு வந்தது, மருமகள் வந்தாள், பக்கத்து வீட்டுச் சண்டை வந்தது. சில நாள் வருத்தத்தையே மறந்துவிட்டு அந்தக் கிழவியின் ஆட்டைத் தேடிக்கொண்டு இருப்போம்.

அவளை எழுப்பி உட்கார வைப்பதற்கு என்னிடம் ஒரு குறுக்கு வழியும் இருந்தது. எங்களுக்குப் படிப்பித்த டியூட்டர் சிஸ்டர், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, முகவாயைத் தூக்கி, மூக்கால் இழுத்து, எந்தக் கேள்வியையும் ஒரே மாதிரித்தான் முடிப்பார்: "முலின்ம மொகத கரன்னே?" சிங்களத்தில், முதலில் என்ன செய்வீர்கள் என்று அர்த்தம். சோறு தின்னும்போதும் எங்களுக்கு அந்தச் சத்தம் கேட்கும். நான் அதை அப்படியே செய்து காட்டினால் அவளால் தாங்க ஏலாது. செத்த பிணமாக நடித்துக்கொண்டிருந்தாலும் கெக்கட்டமிட்டு எழும்பிவிடுவாள்.

வெளியே நாடு கெட்டுப் போயிருந்த காலம் அது. திடீரென்று கடைகள் பூட்டுவார்கள், கிளர்ச்சிக்காரர்கள் வீதிக்குக் குறுக்கே மரத்தை வெட்டிப் போடுவார்கள், ரேடியோவில் ஊரடங்கு என்று சொல்லுவார்கள். டவுன் மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கும். எங்கள் அறைக்குள் மட்டும் மூளி ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

என் இரண்டாவது பரீட்சைக்குக் கொஞ்ச நாளே இருந்தபோது, அவளுடைய ராத்தாவுக்கு, அதாவது மூத்த அக்காவுக்கு, கல்யாணம். லீவு எடுத்துக்கொண்டு கலேவெலக்குப் போனவள், கல்யாணத்துக்கு மறுநாள் காலை பஸ்ஸிலேயே திரும்பி வந்துவிட்டாள். அவள் வந்து இறங்கிக் கொஞ்ச நேரத்தில் ஊரடங்கு போட்டுவிட்டார்கள். கையில் கல்யாண வீட்டு இனிப்பு, தொதல் பார்சல். முகம் வாடியிருந்தது.

"வயிறு நோவுது புள்ள" என்றாள்.

"சஹன் தட்டைச் சுத்தி உட்கார்ந்து கண்டபடி தின்னிருப்ப. வேற என்ன" என்றேன். தொதலைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னதாக ஞாபகம்.

மற்றவர்கள் எல்லோரும் டியூட்டியில். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் கட்டிலில் சாய்ந்தாள். எனக்குப் பரீட்சைப் பயம். "படுக்கிறது படுக்கிறே, ஒரு கேஸா படேன்" என்றேன். அவள் மெதுவாகச் சிரித்து, "சரி, கேளு" என்று கண்ணை மூடினாள்.

"அம்மா எந்த ஊர்?"

"கலேவெல."

"என்ன செய்யுது?"

"வயிறு நோவுது. கண்ணு சொக்குது."

"எப்ப தொடங்கிச்சு?"

"விடியச் சாமம் எழும்பக்குள்ளயே."

"சாப்பாடு ஒத்துக்கல்ல" என்றேன். விரல் உயர்ந்தது. அதற்கு முந்திய நாட்களைவிடக் கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் குறைவாக. அவள் புதிதாக ஒரு ஆளை யோசித்து வைத்திருக்கிறாள் என்று எனக்குச் சந்தோஷம். குரலைக்கூட மாற்றியிருந்தாள். பேச்சு மூக்கால் வந்தது, சொற்கள் பஞ்சு பஞ்சாக உதிர்ந்தன.

"கண்ணைத் திறந்து என்னைப் பாருங்க அம்மா."

இமை பாதிவரைதான் வந்தது. "ரெண்டு பேரா தெரியுற" என்றாள்.

"ஒரு ஆளையே எங்கம்மாவுக்குத் தாங்க ஏலாது" என்றேன். "நல்லா செய்றே இன்னைக்கு. என்ன வருத்தமுன்னே பிடிபடல்ல."

வெளியே தூறல் விழத் தொடங்கியது. தகரத்தில் அது ஒவ்வொரு துளியாகக் கேட்டது. கராம்பை அள்ளுவதற்கு யாரோ வளவில் ஓடினார்கள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, மூளையழற்சி, மலேரியா என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் விரல் அப்படியே கிடந்தது. உயரவும் இல்லை, அவள் எழும்பவும் இல்லை. விளையாட்டில் அப்படி ஒரு பதில் கிடையாது.

"தூங்கிட்டியா?" என்று கேட்டேன். பிறகு அவளை எழுப்புவதற்கு என் குறுக்கு வழியைக் கையில் எடுத்தேன். இல்லாத கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, முகவாயைத் தூக்கி, மூக்கால் இழுத்தேன். "முலின்ம மொகத கரன்னே?"

அவள் சிரித்தாள். அவள் சிரித்தாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். போர்வைக்குக் கீழே வயிறு குலுங்கியது, தொண்டையில் "ம்ம்" என்று ஒரு சத்தம் வந்தது. ஆனால் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. கன்னம் அசையவில்லை, உதடு விரியவில்லை. அழித்த சிலேட்டுப் போல அந்த முகம் கிடந்தது. மூடின கண்ணின் ஓரத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கி காதுப்பக்கம் போனது.

வாழ்க்கையில் முதல் தடவையாக என் வாய் முந்தவில்லை.

கத்திக்கொண்டு ஓடியிருக்கலாம். ஆனால் ஓடிப் போய் என்ன சொல்வது? கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட பிள்ளைக்கு வயிற்று நோவு, தூக்கம் வருகிறதாம் என்றா? அப்படிச் சொன்னால் மருந்துத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைப்பார்கள். நான் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் எனக்குப் பழக்கித் தந்த மாதிரி, ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"நேத்து ராத்திரி எங்க படுத்த?"

"கீழ."

"பாய்லயா?"

"ம்."

"கட்டில்ல ஏன் படுக்கல்ல?"

"வீடு... நெறய ஆக்கள்."

"பக்கத்துல என்ன இருந்துச்சு?"

அது வருவதற்கு வெகு நேரம் எடுத்தது. "நெல்லு" என்றாள். நெல் மூட்டை இருந்தால் எலி வரும். எலி இருந்தால் அதன் பின்னால் வருவது என்னவென்று கலேவெலக்காரிக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

"தூக்கத்துல ஏதாவது கடிச்ச மாதிரி இருந்திச்சா?"

"எறும்பு" என்றாள்.

"தலையைத் தூக்கு. தலையணையில இருந்து கொஞ்சம் தூக்கு."

கழுத்து நரம்பு ஒரு தரம் துடித்தது. தலை அசையவில்லை.

கட்டுவிரியனைச் சிங்களத்தில் கரவலா என்பார்கள். வார்டில் நாங்களும் அப்படிச் சொல்லித்தான் பழக்கம். கீழே படுத்துத் தூங்குகிறவர்களை அது கடிக்கும். வலிக்காது, வீங்காது, கடித்த இடம்கூடத் தெரியாது. விடியும்போது வயிற்று நோவு வரும். பிறகு இமை விழும், முகம் விழும், கழுத்து விழும், கடைசியில் மூச்சு விழும். நான் குனிந்து அவள் காதில் "கரவலா" என்றேன்.

விதிப்படி அவள் கண்ணைத் திறந்து எழும்பி உட்கார வேண்டும். இமை இரண்டும் நடுங்கின, திறக்கவில்லை.

அட்டெண்டனைக் கூப்பிட்டு, தள்ளுவண்டியில் போட்டு, மழைக்குள்ளால் தள்ளிக்கொண்டு ஓடினோம். வார்டில் இருந்தவர் ஒரு இளம் டொக்டர். நான் சிங்களத்தில் ஒன்றன் பின் ஒன்றாகச் சொன்னேன்: கீழே பாயில் படுத்தாள், பக்கத்தில் நெல், எறும்பு கடித்த மாதிரி, விடிய எழும்பும்போதே வயிற்று நோவு, பிறகு இமை, பிறகு குரல், இப்போது தலை தூக்க முடியவில்லை. அவர் மறுபடி ஒன்றும் கேட்கவில்லை. விஷமுறிவு மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள். அது ஏறிக்கொண்டிருக்கும்போதே அவள் மூச்சு சின்னதாகிச் சின்னதாகி, பின்னேரத்துக்குள் நின்றுவிட்டது. தொண்டைக்குள் குழாயை விட்டு, அதன் நுனியில் றப்பர் பையைப் பூட்டினார்கள். கையால் அழுத்தினால் அவளுக்கு ஒரு மூச்சு. விட்டால் இல்லை.

அந்த நாளில் மூச்சு விடுகிற மெஷின் எங்களிடம் இல்லை. கண்டிக்குக் கொண்டு போகலாம் என்றால் வீதியில் மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். ஆகவே எங்கள் கைதான் மெஷின். மாணவிகள் எல்லோரும் முறை போட்டுக்கொண்டோம். ஒருத்தியின் கை அசந்தால் அடுத்தவள் பையை வாங்குவாள். அவள் வீட்டுக்குச் செய்தி அனுப்ப வழியில்லை. ராத்தாவின் கல்யாண வீட்டில் அவர்கள் இன்னும் பந்தல் பிரித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

மறுநாளும் அப்படியே போனது. மருந்து முழுக்க ஏறிவிட்டது, அவள் அசையவில்லை. பெரிய டொக்டர் வந்து இமையைத் தூக்கி டோர்ச் அடித்துப் பார்த்தார். கண்மணி சுருங்கவில்லை. அவர் டோர்ச்சை அணைத்துப் பொக்கெட்டில் போட்டுக்கொண்டார். இளம் டொக்டர் மட்டும், "இந்த விஷத்துக்குக் கண்ணும் இப்படித்தான் நிற்கும் என்று படித்திருக்கிறேன். உள்ளே ஆள் முழித்துக்கொண்டு இருக்கலாம். காது கேட்கலாம். பார்த்துப் பேசுங்கள்" என்றார்.

இருக்கலாம், கேட்கலாம். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. அவள் உள்ளே இருக்கிறாளா, இல்லை நாங்கள் வெறும் உடம்புக்குத்தான் காற்று அடித்துக்கொண்டிருக்கிறோமா?

கட்டிலைச் சுற்றி ஆட்கள் வந்து வந்து "ஐயோ பாவம், இனி எங்க" என்று உச்சுக்கொட்டிப் போனார்கள். எனக்கு வந்ததே ஒரு கோபம். "இழவு வீடுன்னு நெனச்சீங்களா? அவளுக்குக் காது கேக்குது. பேசுறதுன்னா நல்லதா பேசுங்க, இல்லாட்டி வாயைப் பொத்திட்டுப் போங்க" என்று ஒரு மூத்த நர்ஸ் உட்பட எல்லோரையும் விரட்டிவிட்டேன். அதற்கு எனக்கு ஏச்சு விழுந்தது. விழட்டும்.

பை அழுத்துவது ஒரு மயக்கமான வேலை. அழுத்து, விடு. அழுத்து, விடு. கொஞ்ச நேரத்தில் உங்கள் மூச்சும் அதோடு சேர்ந்துகொள்ளும். எது உங்கள் மூச்சு, எது அவள் மூச்சு என்று தெரியாமல் போகும். மழை வெளிச்சம் வார்டுக்குள் மெல்ல ஊர்ந்து ஒரு சுவரிலிருந்து மற்றச் சுவருக்குப் போனது. எங்கள் மத்தியானத்து ஆட்கள் எல்லோரும் ஒவ்வொருவராக வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். கருப்பட்டிக் கிழவி கால்மாட்டில் நின்றாள், ஆட்டைக் கொண்டுவந்திருந்தாள். கண்டக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான், முன்னுக்குப் போகச் சொல்லவில்லை. மீன்பிடிக்காரன் ஈர உடுப்போடு நின்றான். அவள் எழும்பாவிட்டால் இவர்கள் எல்லோரும் எங்கே போவார்கள் என்று நினைத்தேன். அழுகை வந்தது. பையை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைக்க முடியாது, அதனால் அப்படியே வழியவிட்டேன்.

அதற்கடுத்த நாள் காலை ஊரடங்கை எடுத்தார்கள். முதல் பஸ்ஸில் அவளுடைய வாப்பா வந்துவிட்டார். செய்தி எப்படிப் போனதோ தெரியாது. தலையில் வெள்ளைத் தொப்பியும் இடுப்பில் கசங்கின சாரமுமாக வார்டு வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. மகளின் வாயில் குழாயையும் என் கையில் பையையும் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று மகளைக் கொண்டுவந்து விட்ட நாளில் டிரங்குப் பெட்டி இருந்த தோளில் இன்று ஒரு துவாய் கிடந்தது. நான் அவரைப் பார்க்கப் பயந்து, அவளிடம் பேசத் தொடங்கினேன்.

"இங்க பாரு, எனக்குப் பரீட்சை வருது. நீ படுத்துக் கிடந்தா யாரு எனக்குச் சொல்லித் தாறது? கேள்வி நானே கேக்குறேன், பதிலும் நானே சொல்றேன். நீ சும்மா கேட்டுட்டு இரு." அழுத்து, விடு. "ஒப்பரேஷன் முடிஞ்சு வார்டுக்கு வந்த அம்மா, தாகமா இருக்கு, தாகமா இருக்குன்னு சொல்றாங்க. முலின்ம மொகத கரன்னே?"

எனக்கே தாகமாக இருந்தது. விடியற்காலையிலிருந்து ஒரு வாய் தேத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "பாவம், ஒரு கிளாஸ் தண்ணி குடுப்பேன்" என்றேன்.

விரிப்பின் மேல் கிடந்த அவளுடைய ஆட்காட்டி விரல் அசைந்தது.

ஒரு நெல்மணி உயரம்கூட இருக்காது. எழுந்தது, விழுந்தது. என் கை பையை அழுத்திக்கொண்டே இருந்தது, மற்றதெல்லாம் நின்றுவிட்டது. என் கண்ணில்தான் கோளாறோ என்று நினைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, அதே பதிலை இன்னும் கூட்டிச் சொன்னேன். "ரெண்டு கிளாஸ் குடுப்பேன்."

விரல் எழுந்தது.

ஆமாம், பிழைதான். ஒப்பரேஷன் முடிந்தவருக்குத் தாகம் என்றால், தண்ணீரைத் தேடுவதற்கு முன் நாடியைப் பிடிக்க வேண்டும், கட்டை அவிழ்க்காமல் பார்க்க வேண்டும், உள்ளுக்குள் இரத்தம் போகிறதா என்று யோசிக்க வேண்டும். அவள் எனக்கு எத்தனை தரம் சொல்லித் தந்தது. அந்தப் பொல்லாத பெண், முகமில்லாமல், குரலில்லாமல், மூச்சில்லாமல் படுத்துக்கிடந்தும், நான் சொன்ன பிழையான பதிலை விடமாட்டேன் என்று நின்றாள்.

"டொக்டர்" என்று நான் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பியது. இளம் டொக்டர் ஓடி வந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, அவள் கையைக் கூர்ந்து பார்த்தார். "தானாகவும் துடிக்கும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது" என்றார்.

"அப்ப பாருங்க" என்றேன். அவள் பக்கம் குனிந்தேன். "சின்னப் பிள்ளைக்கு வலிப்பு வருது. முதல்ல பிள்ளைய ஒருக்களிச்சுப் படுக்க வைப்பேன்."

விரல் கிடந்தது. டொக்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"இல்ல. வாய்க்குள்ள கரண்டிய வச்சு அழுத்துவேன்."

விரல் எழுந்தது. முதல் தரத்தைவிட உயரமாக, கொஞ்சம் கோபமாகக்கூட எனக்குப் பட்டது.

டொக்டர் அவள் காலடியில் போய் நின்றார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகுதான் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. வாசலில் நின்ற வாப்பா கட்டில்வரைக்கும் வந்திருந்தார். அவருக்கு எங்கள் விளையாட்டு தெரியாது, ஒப்பரேஷனும் வலிப்பும் தெரியாது. அந்த விரலை மட்டும் பார்த்துவிட்டார்.

"மகள்" என்றார் என்னிடம். "இன்னொண்டு பிழையா சொல்லுங்க, மகள்."

சொன்னேன். காய்ச்சல்காரரைப் போர்வை போர்வையாக மூடினால் காய்ச்சல் இறங்கும் என்றேன். விரல் எழுந்தது. பாம்பு கடித்தால் அந்த இடத்தை வெட்டி உறிஞ்சுவேன் என்றேன். விரல் எழுந்தது. சீனி வருத்தக்காரக் கிழவிக்குக் கருப்பட்டிப் பாணி காய்ச்சிக் கொடுப்பேன் என்றேன். அதற்கு இரண்டு தரம் எழுந்தது. வாப்பா ஒவ்வொரு தடவையும் "அல்ஹம்துலில்லாஹ்" என்று முணுமுணுத்தார். பையை வாங்கிக்கொள்ள அடுத்த முறைக்காரி வந்து நின்றாள், நான் கொடுக்கவில்லை. மூன்று வருஷம் படித்ததில் எனக்குத் தெரிந்த பிழைகளையெல்லாம், அன்று காலை முழுக்க, ஒவ்வொன்றாக, கொஞ்சமும் அவசரப்படாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.